கார்புரேட்டரைக் கழற்றி வைத்திருக்கும்போது எஞ்சினைக் காப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் கார்புரேட்டரைத் தாங்களே கழற்றிச் சுத்தம் செய்வது சாதாரண விஷயம்தான். ஜெட், மிதவை, நீடில் பற்றியெல்லாம் நுணுக்கமாகக் கேட்பார்கள். அது உட்கார்ந்திருந்த இடத்தில் வாய் பிளந்து நிற்கும் ஓட்டையைப் பற்றி மட்டும், அதற்குள் ஏதாவது விழுந்த பிறகுதான் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின், மேலே ஒற்றைக் கார்புரேட்டர் என்று வைத்துக்கொண்டே பெரும்பாலான பதில்கள் இருக்கும்.

கார்புரேட்டரைத்தானே கழற்றுகிறேன், எஞ்சினுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

கழற்றுவதால் எதுவும் ஆகாது. கழற்றியதற்கும் திரும்ப மாட்டுவதற்கும் நடுவில்தான் எல்லாம் ஆகும். மேனிஃபோல்ட் என்பது கார்புரேட்டரிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் கிளை பிரிந்து போகும் குழாய். அதன் வாயிலிருந்து பிஸ்டன் வரை போகும் பாதையில் தடை என்று இருப்பது, கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு ஒன்றுதான். நாலு சிலிண்டர் எஞ்சினில், அது எந்த நிலையில் நின்றிருந்தாலும், ஏதாவது ஒரு சிலிண்டரின் இன்டேக் வால்வு கொஞ்சமாவது திறந்திருக்கும். ஆக, நீங்கள் குனிந்து பார்க்கும் ஓட்டை எப்போதும் ஒரு சிலிண்டருக்குள் போகும் வழி.

சேதம் வருவது பெரும்பாலும் இரண்டு காரணங்கள் சேரும்போது: உள்ளே போகக் கூடாத ஒன்று போயிருக்கும், அது தெரியாமல் யாரோ செல்ஃப் அடித்திருப்பார்கள். இந்த இரண்டில் எதையாவது ஒன்றைத் தடுத்தாலே எஞ்சின் பிழைத்துவிடும். இரண்டையும் தடுப்பதுதான் கீழே உள்ள எல்லாப் பதில்களின் வேலையும்.

கழற்றுவதற்கு முன்னாடி என்னென்ன செய்து வைக்கணும்?

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பல பழைய எஞ்சின்களில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். கார்புரேட்டருக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இருக்கும். மாரிஸ் மைனரும் பழைய மினியும் அப்படித்தான். சூடாக இருக்கும்போது ஹோஸைக் கழற்றினால் சொட்டும் பெட்ரோல் நேராக அதன் மேல்தான் விழும்.

அப்புறம் சுத்தம். கார்புரேட்டரின் அடிப்பாகத்தைச் சுற்றி வருடக்கணக்கில் எண்ணெயும் மண்ணும் கலந்து கெட்டியாகப் படிந்திருக்கும். நட்டுகளைத் தளர்த்துவதற்கு முன்பே, கார்புரேட்டர் இடத்தில் இருக்கும்போதே, பிரஷ் போட்டுத் துடைத்துவிடுங்கள். தூக்கும்போது உதிர்ந்து விழும் முதல் குப்பை அதுதான். ஓட்டையை மூடுவதற்கான மூடியையும் கழற்றுவதற்கு முன்பே தயார் செய்து கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். கழற்றிவிட்டு மூடி தேடிப் போகும் ஐந்து நிமிடம் போதும், ஒரு வாஷர் உருண்டு விழ.

லிங்கேஜ் (ஆக்ஸிலரேட்டரோடு இணைக்கும் கம்பிகள்), ஸ்பிரிங், வாக்குவம் ஹோஸ் எது எங்கே மாட்டியிருந்தது என்று நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைப்பது கடைசியில் உதவும்.

பேட்டரியைக் கழற்றியே ஆகணுமா? சாவியை எடுத்து வைத்தால் போதாதா?

சாவி போதாது. பழைய வண்டிகளில், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சொலினாய்டின் மேலேயே ஒரு ரப்பர் பொத்தான் இருக்கும். சாவியே இல்லாமல் அதை அழுத்தினால் எஞ்சின் சுற்றும். பானட்டுக்குள் ஸ்பேனர் தவறி விழுந்து ஸ்டார்ட்டர் டெர்மினலைத் தொட்டாலும் அதே கதைதான். தவிர, வீட்டில் இன்னொரு சாவி வைத்திருப்பவர் வண்டியை நகர்த்தி வைக்கலாமே என்று நினைத்தால் நீங்கள் என்ன செய்ய முடியும்?

பாடிக்குப் போகும் எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள். இன்று எல்லா வண்டியிலும் அது நெகட்டிவ். ஆனால் 1960களின் பிற்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ்தான் எர்த். குறியைப் பார்க்காதீர்கள், எந்தக் கேபிள் பாடியில் முடிகிறது என்று பாருங்கள். எர்த் கழன்றுவிட்டால், மற்ற முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் தீப்பொறி வராது. கழற்றிய பிறகு ஸ்டியரிங்கில் ஒரு அட்டை கட்டித் தொங்க விடுங்கள்: ‘கார்புரேட்டர் இல்லை, செல்ஃப் அடிக்காதே.’

பெட்ரோல் ஹோஸைக் கழற்றினால் நிற்காமல் ஒழுகிக்கொண்டே இருக்கிறதே?

டேங்க் உயரமாக இருந்தால் அப்படித்தான். பம்ப் ஓடாவிட்டாலும் பெட்ரோல் தானாக இறங்கும். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் மாதிரி டேங்க் முன்னாலும் எஞ்சின் பின்னாலும் உள்ள வண்டிகளில் இது வழக்கமான தொல்லை. ஹோஸின் வாயில், மரை இல்லாத வழவழப்பான தண்டுள்ள போல்ட் ஒன்றைச் சொருகிக் கிளிப் போட்டு இறுக்குங்கள். மரையுள்ள போல்ட்டைச் சொருகினால் மரை வழியாகவே கசியும். இடுக்கியால் ஹோஸை நசுக்கி நிறுத்துவது தற்காலிகம்தான். பழைய ரப்பர் அந்த இடத்தில் வெடித்துவிடும்.

பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவித் தூரத்தில் இருக்கும் நெருப்பைத் தேடிப் போகும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூட அது பற்றும். அதனால் கண்ணாடி பல்பு போட்ட கைவிளக்கு வேண்டாம், எல்.இ.டி. டார்ச் போதும். பெட்ரோல் தீயை அணைக்கும் பவுடர் சிலிண்டர் ஒன்று எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றினால் எரியும் பெட்ரோல் அதன் மேல் மிதந்து இன்னும் பரவும்.

ஓட்டையில் துணியை வைத்து அடைத்தால் போதாதா? எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள்?

செய்கிறார்கள், அதனால்தான் துணியை விழுங்கிய எஞ்சின்களும் இருக்கின்றன. சின்னத் துண்டு உள்ளே நழுவிவிடும். பனியன் வேஸ்ட் நூல் நூலாகப் பிரியும். டிஷ்யூ பேப்பர் ஈரம் பட்டால் கூழாகிவிடும். எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து மறதி: மூன்று வாரம் கழித்துக் கார்புரேட்டரை மாட்டும்போது, ஓட்டைக்குள் அமுங்கியிருக்கும் எண்ணெய் நிறத் துணி கண்ணில் படாது.

சரி, துணியைத் தவிர வேறு வழியில்லை என்றால், கைக்குட்டையை விடப் பெரிய, பிசிறு வராத, பளிச்சென்ற நிறமுள்ள துணியாக எடுங்கள். பாதிக்கு மேல் வெளியே தொங்க வேண்டும். அரை மணி நேர வேலைக்கு அது போதும். ராத்திரி தாண்டினால் மூடி வேண்டும்.

நல்ல மூடி என்றால், கார்புரேட்டர் உட்காரும் அதே ஸ்டட்களில் (மேனிஃபோல்டில் நீட்டிக்கொண்டு நிற்கும் மரைக் கம்பிகள்) மாட்டி இறுக்கும் தகடு. பழைய கேஸ்கட்டை வைத்துப் பென்சிலால் வரைந்து, 3 மில்லிமீட்டர் அலுமினியத்திலோ கெட்டியான பிளைவுட்டிலோ வெட்டினால் போதும். அடியில் பழைய கேஸ்கட்டையே வைத்து நட்டுகளைக் கையால் திருகுங்கள். இந்த மூடியின் பெரிய லாபம், அதைக் கழற்றாமல் கார்புரேட்டரை மாட்டவே முடியாது. மறதிக்கு இடமே இல்லை.

அகல டேப் ஒட்டிவிட்டால் என்ன?

எண்ணெய்ப் பிசுக்குள்ள உலோகத்தில் டேப் காலையில் ஒட்டும், மாலையில் உரியும். பசை ஃபிளாஞ்சில், அதாவது கார்புரேட்டர் உட்காரும் தட்டையான முகத்தில், தங்கும். அதைச் சுரண்டும் வேலை வேறு. மேனிஃபோல்டில் இருக்கும் சின்ன வாக்குவம் குழாய் முனைகளுக்கு வேண்டுமானால் டேப் ஒட்டலாம், அங்கேயும் ரப்பர் மூடி இருந்தால் அது மேல். பிரேக் சர்வோ (பிரேக் மிதிப்பதை லேசாக்கும் பாகம்) ஹோஸைக் கழற்றியிருந்தால் அந்த முனையையும் மறக்காதீர்கள், அதுவும் மேனிஃபோல்டுக்குள் திறக்கும் ஓட்டைதான்.

பழைய கேஸ்கட் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. சுரண்டும்போது துகள் உள்ளே விழாதா?

விழும். அதனால் சுரண்டும் நேரத்துக்கு மட்டும், மேலே சொன்ன பெரிய துணியை ஓட்டைக்குள் கொஞ்சம் இறக்கி, ஃபிளாஞ்சின் மட்டத்துக்குக் கீழே நன்றாக அடைத்து நிற்கும்படி வையுங்கள். சுரண்டியின் விளிம்பில் லேசாகக் கிரீஸ் தடவினால் துகள் அதிலேயே ஒட்டும். எப்போதும் ஓட்டையின் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சுரண்டுங்கள். முடிந்ததும் துணியின் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து மெதுவாகத் தூக்கினால் குப்பை மொத்தமும் அதோடு வந்துவிடும்.

கம்ப்ரெசர் காற்று அடிக்காதீர்கள். அது குப்பையை எங்கே அனுப்பும் என்று உங்களுக்குத் தெரியாது. எம்ரி பேப்பரும் வேண்டாம், அதிலிருந்து உதிரும் மணல் சிலிண்டர் சுவரைக் கீறும். பழைய கேஸ்கட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால் உலர்ந்த நிலையில் மெஷின் பிரஷ் போட்டுத் தூசி கிளப்பாமல், நனைத்துவிட்டுக் கையால் சுரண்டுங்கள்.

ஐயோ, ஒரு நட்டு உள்ளே விழுந்துவிட்டது! இப்போது என்ன செய்வது?

கையை எடுங்கள். செல்ஃப் அடிக்கக் கூடாது என்பது தெரிந்ததே. கையால் கூட எஞ்சினைச் சுற்றக் கூடாது. கியரில் போட்டு வண்டியைத் தள்ளினாலும் எஞ்சின் சுற்றும், அதுவும் கூடாது. இப்போது மேனிஃபோல்டில் கிடக்கும் நட்டு, அரைச் சுற்றில் வால்வு திறந்தால் சிலிண்டருக்குள் போய்விடும். 6 மில்லிமீட்டர் போல்ட்டின் சாதாரண நட்டு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தடிமன். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும், சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் நடுவில் பல எஞ்சின்களில் 1 மில்லிமீட்டர் அளவுதான் இடைவெளி இருக்கும். மீதியை பிஸ்டனோ வால்வோ ஹெட்டோ தாங்க வேண்டும்.

முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். மேனிஃபோல்டின் தரையில், கிளை பிரியும் இடத்தில் பெரும்பாலும் கிடக்கும். வளையும் கம்பி நுனியில் காந்தம் வைத்த குச்சியால் எடுத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் போனில் மாட்டும் சின்னக் குழாய் கேமரா ஒன்றை விட்டு ஒவ்வொரு கிளையாகப் பாருங்கள். அவசரப்பட்டுக் காந்தத்தைக் குருட்டாம்போக்கில் குத்திக்கொண்டிருந்தால், நீங்களே அதை வால்வு பக்கம் தள்ளிவிடுவீர்கள்.

அங்கேயும் இல்லையா? ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கேமராவை விட்டு பிஸ்டனின் தலையைப் பாருங்கள். தெரிந்தால் பிளக் துளை வழியாகவே காந்தத்தால் எடுக்க முயலலாம். கிடைக்கவில்லை என்றால் மேனிஃபோல்டைக் கழற்றுங்கள்; அதற்கும் சிக்காவிட்டால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். ‘எக்ஸாஸ்ட் வழியாகத் துப்பிவிடும்’ என்று சொல்லி ஸ்டார்ட் பண்ணச் சொல்பவர் யாராவது பக்கத்தில் நிச்சயம் இருப்பார். அவர் வண்டி இல்லை அது.

விழுந்தது காந்தத்தில் ஒட்டாத பொருள் என்றால்?

கார்புரேட்டரில் இருக்கும் ஜெட்டெல்லாம் பித்தளை. சில வண்டிகளில் மேனிஃபோல்ட் நட்டும் பித்தளைதான். அலுமினியமும் பெரும்பாலான ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளும் ஒட்டாது. கம்பியின் நுனியில் கெட்டியான கிரீஸை உருண்டையாக வைத்தோ, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றியோ தொட்டு எடுக்கலாம். மூன்று விரல் மாதிரி விரிந்து பிடிக்கும் நீளக் கம்பி இடுக்கி இன்னும் நல்லது. தேடும் வரிசை மேலே சொன்னதேதான்.

வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சிவிடலாமா?

பெட்ரோல் ஈரம் இருக்கும்போது கூடவே கூடாது. சாதாரண வாக்குவம் கிளீனரின் மோட்டாரில் தீப்பொறி பறக்கும். நீங்கள் உறிஞ்சுவது பெட்ரோல் ஆவி. கார்புரேட்டர் கழற்றி ஒரு நாளாவது ஆகி, மேனிஃபோல்ட் முழுக்க உலர்ந்து, வாசனையே இல்லாமல் இருந்தால் மெல்லிய குழாய் மாட்டிக் கேஸ்கட் துகளை எடுக்கலாம். சந்தேகம் இருந்தால் கிரீஸ் தடவிய கம்பியே போதும்.

கார்புரேட்டர் இல்லாதபோது கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்க்கலாமா? அப்போது காற்று தாராளமாகப் போகுமே?

காற்று போகும் என்பது சரிதான், கம்ப்ரெஷன் பார்க்கும்போது த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் கார்புரேட்டரில் திறக்கும் தகடு) முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்பதும் சரிதான். ஆனால் செல்ஃப் சுற்றும்போது மேனிஃபோல்டின் வாய் நல்ல வேகத்தில் இழுக்கும். பக்கத்தில் கிடக்கும் துணி நுனி, கேஸ்கட் துண்டு எதுவும் உள்ளே போகும். எஞ்சினால் இயங்கும் மெக்கானிக்கல் பம்ப் என்றால், ஒவ்வொரு சுற்றுக்கும் அது பெட்ரோலைத் தள்ளும். கழன்ற ஹோஸ் எங்கே பார்த்திருக்கிறதோ அங்கே பீய்ச்சும்.

இந்தச் சோதனையைக் கழற்றுவதற்கு முந்தின நாளே, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு முடித்துவிடுங்கள்.

இக்னிஷனை ஆன் செய்து எலக்ட்ரிக் பம்ப் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்க்கலாமா?

எஸ்.யு. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் எலக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டிகளில் சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று கேட்கும். ஹோஸ் அடைத்திருந்தால் சில நொடிகளில் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் எங்கோ ஒழுகுகிறது, உடனே ஆஃப் செய்யுங்கள்.

இதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. பாயின்ட் (இக்னிஷன் கரண்ட்டை விட்டு நிறுத்தும் ஸ்விட்ச்) உள்ள டிஸ்ட்ரிபியூட்டரில், எஞ்சின் நின்றிருக்கும்போது பாயின்ட் மூடிய நிலையில் இருந்தால், இக்னிஷன் காயிலில் 3, 4 ஆம்பியர் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படியே விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் காயில் கொதிக்கும், பாயின்ட்டும் கருகும். காயிலுக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டுப் பம்பைச் சோதியுங்கள்.

ரிப்பேர் கிட் வர ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள். அதுவரை வண்டி இப்படியே நிற்கலாமா?

நிற்கலாம், மூடி சரியாக இருந்தால். முதல் பதிலில் சொன்ன அந்தத் திறந்த வால்வு இங்கே வேறு விதமாகத் தொல்லை தரும். ஈரக் காற்று அதன் வழியாக ஒரே சிலிண்டருக்குள் போய்க்கொண்டே இருக்கும். அந்த ஒன்றில் மட்டும் சுவரில் துரு கட்டும். எலியும் குளவியும் கூடு கட்ட இடம் தேடிக்கொண்டே இருப்பவை, எக்ஸாஸ்ட் குழாயின் வாயையும் அடைத்து, அடைத்ததை அட்டையில் எழுதி வையுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் போகும் என்று தெரிந்தால், பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, நியூட்ரலில் வைத்துக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். மூடி இறுக்கமாக இருந்து, உள்ளே எதுவும் விழவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இதைச் செய்யலாம். இடையில் வண்டியை நகர்த்த வேண்டியிருந்தாலும் நியூட்ரலில்தான். எஞ்சினைத் தண்ணீர் அடித்துக் கழுவும் ஆசை இருந்தால் கார்புரேட்டர் மாட்டும் வரை அடக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டட் உடைந்துவிட்டது. அப்படியே டிரில் போட்டு எடுக்கலாமா?

வேண்டாம். டிரில் தூளைத் துணியால் முழுக்கத் தடுக்க முடியாது. மேனிஃபோல்டைக் கழற்றி மேஜையில் வைத்து டிரில் போடுங்கள். மேனிஃபோல்டுக்குள் கூலன்ட் ஓடும் வகை என்றால் முதலில் ரேடியேட்டரிலிருந்து கூலன்ட்டை இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் கழற்றும்போது அது நேராகப் போர்ட் வழியாக சிலிண்டருக்குள் போய்விடும்.

இரட்டைக் கார்புரேட்டர், பக்கவாட்டுக் கார்புரேட்டர் என்றால் ஏதாவது வித்தியாசம் உண்டா?

பக்கவாட்டில் மாட்டும் வகையில் மேனிஃபோல்ட் பெரும்பாலும் குட்டை. விழும் பொருள் இடையில் தங்காமல் வால்வு வரை உருண்டு போய்விடும், அதனால் நட்டு கழற்றும்போதே கீழே ஒரு தட்டும் ஓட்டையை ஒட்டி ஒரு கையும் வேண்டும். இரட்டை எஸ்.யு. கார்புரேட்டரில், ஒன்றுக்குள் இருக்கும் பிஸ்டனை மற்றதில் போடாதீர்கள், ஒவ்வொரு பிஸ்டனும் அதன் மேல் மூடியோடு ஜோடியாகப் பொருத்தப்பட்டது. வி8 எஞ்சினில் மேனிஃபோல்டையும் சேர்த்துக் கழற்றினால், நடுப்பள்ளத்தில் விழுவது ஆயில் சம்ப் வரை போகலாம். அந்தப் பள்ளத்தை முழுக்க மூடுங்கள்.

மாட்டியாச்சு. நேராக ஸ்டார்ட் பண்ணலாமா?

ஒரு நிமிடம். உள்ளே வைத்த துணி, டேப், ரப்பர் மூடி எல்லாம் வெளியே வந்துவிட்டதா? அடுத்து த்ராட்டில். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை முழுக்க மிதித்து விடட்டும், நீங்கள் கார்புரேட்டரைப் பாருங்கள். விட்டதும் ‘டக்’கென்று மூடி ஸ்டாப்பரில் போய் நிற்க வேண்டும். ஏர் கிளீனரை மாட்டிய பிறகு இதையே இன்னொரு முறை பாருங்கள், ஏனென்றால் அதன் அடிப்பாகம் லிங்கேஜில் இடிப்பது உண்டு. ஸ்பிரிங் மாட்டாமலோ கேபிள் மாட்டிக்கொண்டோ ஸ்டார்ட் செய்தால், சுமையே இல்லாத எஞ்சின் சில நொடிகளில் எகிறிவிடும். முதல் ஸ்டார்ட்டில் ஒருவர் கை சாவியிலேயே இருக்க வேண்டும்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்று கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லாதீர்கள். பேக்ஃபயர் வந்தால் தீ மேல்நோக்கித்தான் வரும், உங்கள் முகமும் கையிலுள்ள பெட்ரோலும் அங்கேதான் இருக்கும்.

ஸ்டார்ட் ஆனது, ஆனால் ஐடிலில் நிற்காமல் ரேஸாகவே ஓடுகிறது. ஸ்க்ரூவைக் குறைத்தும் பயனில்லை.

கார்புரேட்டருக்குக் கீழே எங்கோ காற்று இழுக்கிறது. கழற்றும்போது அடைத்த வாக்குவம் முனைகளில் ஒன்றுக்கு ஹோஸ் மாட்டாமல் விட்டிருக்கலாம், அங்கிருந்து தொடங்குங்கள்; நீங்கள் எடுத்த போட்டோ இப்போது உதவும். அடுத்தது ஃபிளாஞ்ச். நட்டுகளை ஒரு பக்கமாக இறுக்கியிருந்தால் அது வளைந்துவிடும். கழற்றி, நேரான இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவதுதான் முறை. காற்று கசியும் நிலையில் ஓட்டிக்கொண்டே இருந்தால் பெட்ரோல் குறைந்த கலவையில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும்.

மாட்டிய மறுநாள் செல்ஃப் அடித்தால் அரைச் சுற்றில் ‘டக்’கென்று நின்றுவிடுகிறது. பேட்டரி போய்விட்டதா?

பேட்டரி என்று முடிவு செய்து ஜம்பர் கேபிள் மாட்டிவிடாதீர்கள். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தாலோ, ஆயில் மட்டம் நேற்றை விட ஏறியிருந்தாலோ, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் நீடில் வால்வு மூடாமல் ராத்திரி முழுக்கப் பெட்ரோல் மேனிஃபோல்டில் இறங்கியிருக்கிறது. டேங்க் உயரமாக இருக்கும் வண்டிகளில் இது நடக்கும், காரணம் ஹோஸ் பற்றிய பதிலில் சொன்னதுதான். சிலிண்டரில் தேங்கிய திரவத்தை பிஸ்டனால் அமுக்க முடியாது. இன்னொரு பேட்டரியின் பலத்தையும் சேர்த்துச் சுற்றினால் கனெக்டிங் ராட் வளையும்.

பேட்டரி எர்த்தைக் கழற்றி, பெட்ரோல் ஹோஸை அடைத்து, பிளக்குகள் அனைத்தையும் எடுத்துவிட்டு, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிளக் துளை வழியாகப் பெட்ரோல் வெளியே வரும். முகத்தைத் தள்ளி வைத்து, துணியால் பிடியுங்கள். ஆவி அடங்கும் வரை காத்திருங்கள். பெட்ரோல் கலந்த ஆயிலுக்கு வழுக்கும் தன்மை இருக்காது, அதில் எஞ்சினை ஒரு நிமிடம்கூட ஓட்டாமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பிறகு கார்புரேட்டரை மறுபடி கழற்றி, நீடிலின் நுனியில் தேய்ந்த வளையம் இருக்கிறதா, மிதவைக்குள் பெட்ரோல் புகுந்து கனத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிதவையைக் காதருகில் ஆட்டினால் உள்ளே தளும்பும் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.